கதைக்களம் பாத்திரத்தையும் உணர்வையும் எப்படி வார்க்கிறது: ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

"இந்தக் கதையின் களம் எது?" என்று கேட்டால் மாணவர்கள் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்கள்: "ஒரு சிற்றூர், மழைக்காலம்." பதில் சரிதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு கதையைப் பற்றி மேற்கொண்டு ஒரு வார்த்தை பேச முடியாது. அந்த ஊரும் மழையும் அந்த மனிதரை என்ன செய்ய வைத்தன, எதைச் செய்யவிடாமல் தடுத்தன, எதைப் பழக்கமாக்கிவிட்டன என்று கேட்கத் தொடங்கும்போதுதான் பாடம் தொடங்குகிறது. இந்த மூன்று கேள்விகளும் மாணவரின் நாக்கில் தானாக வந்து நிற்க வேண்டும். அதற்கான வழிதான் இது.

9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்கு, 45 நிமிடப் பாடவேளைகள் ஆறு போதும். நான்குதான் கிடைக்கும் என்றால் படி 2, 3 இரண்டையும் ஒரே வேளையில் சுருக்கமாக முடியுங்கள். படி 6-ஐ வீட்டு வேலையாகக் கொடுங்கள். படி 4, 5 இரண்டிலும் கை வைக்காதீர்கள்.

படி 1: ஒரே அறை, இரண்டு பார்வை

வரையறையோடு தொடங்கினால் மாணவர்கள் அதை மனப்பாடம் செய்துகொண்டு அங்கேயே நின்றுவிடுவார்கள். முதலில் இந்த இரண்டு பத்திகளைக் கையில் கொடுங்கள். வேறு எந்த விளக்கமும் வேண்டாம்.

அ. "படம் மாட்டியிருந்த இடம் மட்டும் சுவரில் வெளுக்காமல் சதுரமாக நின்றது. ஆணியைப் பிடுங்கக் கை போனது, விட்டுவிட்டாள். கதவு நிலையில் பென்சில் கோடுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தேதி. கடைசிக் கோடு அவள் தோள் உயரத்துக்கு வந்தது. குழாயை இறுக்கி மூடினாள். சொட்டுவது நிற்கவில்லை, எப்போதும் போல."

ஆ. "சுவரில் ஆணி தயாராக இருந்தது, காலண்டருக்கு ஆயிற்று. கதவு நிலையில் யாரோ பென்சிலால் கோடு கோடாகக் கிறுக்கியிருந்தார்கள். ஒரு கை பெயின்ட் அடித்தால் மறைந்துவிடும். குழாய் சொட்டியது. வாஷர் மாற்ற வேண்டும்."

வீட்டை விட்டுப் போகிறவள் யார், குடிவருகிறவள் யார் என்று கேளுங்கள். உடனே சொல்லிவிடுவார்கள். அடுத்த கேள்விதான் முக்கியம்: "எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறாய்?" இரண்டு பத்தியிலும் சோகம், மகிழ்ச்சி என்ற சொற்கள் இல்லை. ஆணி, கோடுகள், குழாய் மூன்றும் இரண்டிலும் இருக்கின்றன. "முதல் பத்தி சோகமாக இருக்கிறது" என்ற பதிலோடு நிறுத்திவிடாமல் சொல்லைக் காட்டச் சொன்னால், யாராவது ஒருவர் "எப்போதும் போல" என்பதில் விரல் வைப்பார். பல வருடம் அந்தச் சொட்டொலியோடு வாழ்ந்தவளுக்குத்தான் அந்த இரண்டு சொற்கள் தோன்றும். இன்னொருவர் "யாரோ" என்பதைப் பிடிப்பார். ஒரு பிள்ளை வளர்ந்த கணக்கு அடுத்தவளுக்கு யாரோ கிறுக்கியதாகத் தெரிகிறது. இடம் மாறவில்லை, பார்க்கிறவள் மாறிவிட்டாள்.

பலகையில் மூன்று நெடுவரிசைகள் கொண்ட அட்டவணை போடுங்கள்: அவள் எதைக் கவனித்தாள், அதை என்ன செய்தாள், எதைக் கவனிக்கவே இல்லை. மூன்றாவதை நிரப்ப மாணவர்கள் திணறுவார்கள். விட்டுவிடாதீர்கள். ஆ-வில் வருகிறவள் சுவரின் வெளுக்காத சதுரத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு பாத்திரம் பார்க்கத் தவறுவதும் அந்தப் பாத்திரத்தைப் பற்றிய தகவல்தான்.

இதற்கு 25 நிமிடம் ஒதுக்குங்கள். மீதி நேரத்தில் மாணவர்கள் தங்கள் வகுப்பறையையே இருவர் கண்ணால் ஐந்தைந்து வரியில் எழுதட்டும்: இன்று முதல் நாள் வந்திருக்கும் ஒருவர், நாளை முதல் வராத ஒருவர்.

படி 2: களத்தைப் பிரித்துப் பார்த்தல்

இடமும் காலமும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் களம் ஒரு முகவரியாகச் சுருங்கிவிடும். தமிழ் வகுப்பில் இதற்கு வேறெங்கும் தேட வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் முதல், கரு, உரி என்று பிரித்துக் கொடுத்திருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்து விலங்கு, பறவை, மரம், தொழில், இசை, தெய்வம் முதலியவை கருப்பொருள். அங்கே மனிதருக்குள் நடப்பது உரிப்பொருள். இன்றைய சிறுகதையைப் படிக்கும்போதும் இந்த மூன்றும் அப்படியே உதவும்.

பெரும்பாலான மாணவர்கள் இதை மதிப்பெண்ணுக்காகப் பொருத்திப் படித்திருப்பார்கள்: பாலைக்கு நண்பகல், பிரிதல், முல்லைக்கு மாலை, இருத்தல், நெய்தலுக்கு எற்பாடு (பொழுது சாயும் நேரம்), இரங்கல். பொருத்தியதோடு விடாமல் காரணம் கேளுங்கள். பிரிவுக்கு ஏன் நண்பகல்? நிழல் காலடியில் சுருங்கிவிடும் நேரம், ஒதுங்க இடமில்லாத நிலம். அதில் ஒருவர் நடந்து போகிறார் என்றால் போவதன் கடுமை நமக்குத் தானாக உறைக்கிறது. காத்திருப்புக்கு ஏன் மாலை? போனவை எல்லாம் வீடு திரும்பும் நேரம் அது. திரும்பாத ஒருவரின் இடம் அப்போதுதான் அதிகம் தெரியும். இந்த "ஏன்" வந்துவிட்டால், ஒரு நவீன கதையில் பகல் இரண்டு மணிக்கு ஏன் ஒரு காட்சி வைக்கப்பட்டிருக்கிறது என்றும் கேட்கத் தெரிந்துவிடும்.

அதே சமயம் ஒன்றை வலியுறுத்திச் சொல்லுங்கள்: நவீன கதையில் இந்த நிலத்துக்கு இந்த உணர்வு என்ற நிலையான பொருத்தம் கிடையாது. கடற்கரை என்றால் இரங்கல்தான் என்று எழுத ஆரம்பித்தால் தவறான வழியில் போகிறார்கள்.

கருப்பொருளில் இன்றைக்கு ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும்: அந்த இடத்தின் விதிகள். யார் உட்காரலாம், யார் சத்தமாகப் பேசலாம், யார் எந்தக் கதவு வழியாக வர வேண்டும், யாருக்கு எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். மாணவர்கள் மரமும் மழையும் எளிதாகப் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத இந்த விதிகளைத் தவறவிடுவார்கள். பாத்திரத்தை அதிகம் நெருக்குவது பெரும்பாலும் இவைதான்.

படி 3: மூன்று நிறத்தில் வாசித்தல்

300 முதல் 400 சொற்கள் வரும் ஒரு கதைப்பகுதியைத் தேர்ந்தெடுங்கள். இடத்தில் ஏதாவது நடக்கிற பகுதியாக இருக்கட்டும். வெறும் இயற்கை வர்ணனையாக ஒரு பக்கம் போகும் பகுதி இதற்கு உதவாது. அதில் பாத்திரம் இருக்காது. உரையாடல் பாதி, சூழல் பாதியாக வருவது நல்லது.

இடம், பொழுது, வெளிச்சம், ஒலி ஆகியவற்றைப் பச்சையில் அடிக்கோடிடச் சொல்லுங்கள். அந்த இடத்தில் பாத்திரம் உடம்பால் செய்வதை நீலத்தில்: ஒதுங்குவது, குரலைத் தாழ்த்துவது, கதவைச் சாத்துவது. பச்சை, நீலத்துக்குக் காரணமாக இருக்கும் இடங்களில் சிவப்பு அம்புக்குறி.

மதிப்பு அம்புக்குறிகளில் இருக்கிறது. பக்கம் முழுக்கப் பச்சையாக இருந்து அம்பே இல்லை என்றால், அந்த மாணவர் பெயரடைகளை மட்டும் தேடியிருக்கிறார் என்று பொருள். "இருட்டு, குளிர்ந்த, பாழடைந்த" என்று அடிக்கோடிட்டு முடித்திருப்பார். அவரிடம் ஒரே ஒரு பச்சைக் கோட்டைக் காட்டி, "இதை எடுத்துவிட்டால் அவன் செய்வதில் என்ன மாறும்?" என்று கேளுங்கள். ஒன்றும் மாறாது என்றால் அந்தக் கோடு வேண்டாம்.

இன்னொரு வழக்கமான பிழை, குறியீடு தேடுவது. மழை வந்தால் சோகம், இருட்டு வந்தால் தீமை, ஜன்னல் வந்தால் விடுதலை. இதைக் கண்டித்துப் பயனில்லை. ஒரு பயிற்சியால்தான் கரைக்க முடியும். ஒரே மழையைப் பலகையில் எழுதி, யார் மேல் பெய்கிறது என்பதை மட்டும் மாற்றுங்கள்: கூரை ஒழுகும் வீட்டில் பாத்திரம் வைத்துக்கொண்டிருப்பவர், விதைத்துவிட்டு வானம் பார்த்திருந்தவர், போட்டி ரத்தாகாதா என்று ஏங்கிய பயந்த ஆட்டக்காரர், குடையை இன்னொருவரோடு பகிர நேர்ந்தவர். நான்கு உணர்வு கிடைக்கும். மழைக்குத் தனியாக உணர்வு இல்லை என்பது பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

படி 4: பழக்கத்தில் தங்கிவிட்ட இடம்

இந்தப் படியைத்தான் பாடநூல்கள் அதிகம் தவறவிடுகின்றன. களம் பாத்திரத்தைப் பாதிப்பது இரண்டு வகையில் நடக்கிறது. ஒன்று, இப்போது நிற்கும் இடம் இப்போதைய செயலை மாற்றுவது. மற்றது, முன்பு வாழ்ந்த இடம் உடம்பிலும் பேச்சிலும் தங்கிவிடுவது. இரண்டாவது ஆழமானது. எழுத்தாளருக்கும் அதிகம் கைகொடுப்பது.

ஓர் உதாரணத்தை வகுப்பில் விரிவாகவே எடுத்துப் பேசுங்கள். ஒரே அறை கொண்ட வீட்டில் ஆறு பேரோடு வளர்ந்த ஒருவர், இப்போது பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். இரவு பத்து மணிக்குத் தொலைபேசி வருகிறது. எடுத்தவுடன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று பேசுகிறார். வீட்டில் எழுப்பிவிட யாருமில்லை. அவருடைய இளமை, நெருக்கடி, பிறர் தூக்கத்துக்குக் கொடுத்த மரியாதை எல்லாம் அந்தத் திரும்பி நிற்றலில் இருக்கிறது. "அவர் சிறுவயதில் மிகவும் கஷ்டப்பட்டார்" என்று ஒரு வரி எழுதினால் இதில் பாதிகூட வராது.

இப்போது மாணவர்கள் இருவர் இருவராகச் சேரட்டும். ஒவ்வோர் இணைக்கும் ஒரு சீட்டு: தண்ணீர் தட்டுப்பாடான ஊர், ரயில் பாதை ஓரத்து வீடு, விடுதி, மாடியில் கடைசி வீடு, எல்லாரும் எல்லாரையும் அறிந்த தெரு. அந்த இடத்தில் பதினைந்து வருடம் வாழ்ந்தவருக்கு வந்திருக்கக்கூடிய மூன்று பழக்கங்களை எழுத வேண்டும். அவற்றில் ஒன்றை முற்றிலும் வேறான இடத்தில் வைத்துக் காட்ட வேண்டும். ரயில் பாதை ஓரத்தில் வளர்ந்தவர் பேச்சின் நடுவே சட்டென்று நிறுத்தி, சில நொடி கழித்து அதே சொல்லிலிருந்து தொடர்வார். ரயில் இல்லாத ஊரிலும்.

இங்கே ஒரு கவனம் தேவை. "குடிசைப் பகுதியில் வளர்ந்தவர் முரடர்", "கிராமத்துக்காரர் வெகுளி" என்ற பதில்கள் வரும். அவை பழக்கங்கள் இல்லை, முத்திரைகள். கைக்கும் காலுக்கும் குரலுக்கும் உரிய செயலாகச் சொல்லச் சொல்லுங்கள். செயலாகச் சொல்ல முடியாதது எதுவும் பட்டியலில் ஏறக்கூடாது. ஒரே இடத்தில் வளர்ந்த இரண்டு பேர் எதிரெதிராக ஆவதும் உண்டு. தண்ணீர் இல்லாத ஊரிலிருந்து வந்த ஒருவர் குழாயைச் சொட்டு விடாமல் மூடுவார், அவருடைய தம்பி வாளி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். இரண்டுக்கும் காரணம் ஒரே ஊர்.

படி 5: உரையாடலை இடம் மாற்றுதல்

இந்த நான்கு வரிகளைக் கொடுங்கள்:

"வந்துடுச்சாம்மா?"
"வந்துடுச்சுப்பா."
"என்ன போட்டிருக்கு?"
"அப்புறம் சொல்றேன்."

அப்பாவும் மகளும். வந்திருப்பது எதுவாகவும் இருக்கலாம். வகுப்பை மூன்று குழுவாகப் பிரித்து இடம் கொடுங்கள்: இரவில் இருவர் மட்டும் இருக்கும் சமையலறை, நின்றுகொண்டே போகும் நெரிசலான பேருந்து, அம்மா படுத்திருக்கும் மருத்துவமனை அறை. உரையாடலை மாற்றாமல், சுற்றிலும் ஆறு முதல் எட்டு வரி எழுத வேண்டும். நேரம் 15 நிமிடம்.

வாசித்துக் காட்டும்போது "அப்புறம் சொல்றேன்" என்ற ஒரே வரியை மட்டும் ஒப்பிடுங்கள். பேருந்தில் அது கூட்டத்துக்கு நடுவே சொல்லக் கூடாததால் வருகிறது. மருத்துவமனையில் கண் மூடியிருக்கும் அம்மாவின் காதுக்காக வருகிறது. சமையலறையில் வேறு காரணமே இல்லை. அங்கே அவளுக்குச் சொல்லத் துணிவில்லை. இடம் ஒரு மறைப்பைக் கொடுக்கும்போது பாத்திரம் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். மறைப்பை எடுத்துவிட்டால் பாத்திரம் வெளிப்பட்டே ஆக வேண்டும். களத்தைத் தேர்ந்தெடுப்பது ஏன் கதையை நடத்தும் முடிவு என்பதை மாணவர்கள் இங்கேதான் கண்ணால் பார்க்கிறார்கள்.

எழுதும்போதே சிலர், "இந்த இடத்தில் அப்பா இப்படிக் கேட்க மாட்டார் சார், உரையாடலை மாற்றலாமா?" என்று கேட்பார்கள். கேட்டால் பாடம் முழுதாக நடந்துவிட்டது. இரண்டாவது சுற்றில் மாற்ற அனுமதியுங்கள்.

உரையாடல் எழுதும்போது பேச்சுத் தமிழை அனுமதிப்பது அவசியம். "தங்களுக்குக் கடிதம் வந்துவிட்டதா மகளே?" என்று எழுதியவுடன் இடம் காணாமல் போய்விடும். ஆனால் தெரியாத வட்டார வழக்கைப் போலியாக எழுதச் சொல்லாதீர்கள். அவரவர் வீட்டில் பேசுவது போதும்.

படி 6: உணர்வு எங்கிருந்து வருகிறது

பொதுவாக மூன்று இடங்களிலிருந்து வருகிறது: ஒலி, வினை, வாக்கிய நீளம். மாணவர்கள் நாடுவதோ பெயரடையை.

ஒலிக்குத் தமிழில் பெரிய வசதி இருக்கிறது. சலசல, படபட, கிரீச், தடதட, மொணமொண என்று காதுக்கே நேராகப் போகும் சொற்கள் நிறைய. ஒரு பத்திக்கு ஒன்று போதும்; மூன்று வந்தால் சிறுவர் கதையின் தொனி ஏறிவிடும். வினையில் எத்தனை வேறுபாடு என்பதைக் காற்றை வைத்துக் காட்டுங்கள்: காற்று வந்தது, வீசியது, அடித்தது, தடவியது, அறைந்தது, நின்றுவிட்டது. பெயரடை ஒன்றும் சேர்க்காமலே உணர்வு மாறுகிறது. "கதவைத் திறந்தான்" என்பதும் "கதவு திறந்தது" என்பதும் ஒரே நிகழ்ச்சியாக இருக்கலாம். இரண்டாவதில் யார் என்ற கேள்வி எழுந்து பயம் நுழைகிறது. குறுகிய வாக்கியங்கள் அடுத்தடுத்து வந்தால் மூச்சு முட்டும். எச்சங்களால் நீண்டு போகும் வாக்கியம் நேரத்தை மெதுவாக்கும்.

தேய்ந்த தொடர்களின் பட்டியலை வகுப்பே தயாரித்துச் சுவரில் ஒட்டட்டும்: மயான அமைதி, ஊசி விழுந்தால் கேட்கும் நிசப்தம், வானம் கண்ணீர் வடித்தது, சில்லென்ற தென்றல், கும்மிருட்டு. பட்டியலில் உள்ளதை எழுதினால் அடித்துவிட்டு, அந்த இடத்தில் உண்மையில் கேட்ட ஒரு சத்தத்தை எழுத வேண்டும்.

உணர்வுக்கு எதிரான களத்தையும் ஒருமுறை செய்துபார்க்கச் சொல்லுங்கள். துக்கச் செய்தி கேட்டவரை இருட்டறையில் உட்கார வைக்காமல், பிள்ளைகள் கூச்சலிட்டு விளையாடும் திடலைக் கடந்து நடக்கவிடுங்கள். பந்து அவர் காலடியில் உருண்டு வருகிறது. எல்லாரும் அவரைப் பார்த்துக் கை நீட்டுகிறார்கள். அவர் என்ன செய்கிறார் என்பதை மாணவர்கள் எழுதட்டும். களம் உணர்வோடு ஒத்துப் போவதைவிட, மோதும்போது அழுத்தம் கூடுகிறது.

படி 7: 150 சொல் காட்சி

ஒரு பாத்திரம், ஓர் இடம், 150 சொல். கட்டுப்பாடுகள் கடுமையாக இருப்பது நல்லது. தளர்த்தினால் பழைய வழிக்கே திரும்புவார்கள். உணர்ச்சிச் சொல் ஒன்றும் கூடாது (அழுதாள், பயந்தான், மகிழ்ச்சி எல்லாம் இதில் அடங்கும்). பெயரடை அதிகபட்சம் இரண்டு. பார்வை தவிர இன்னும் இரண்டு புலன்கள் வர வேண்டும். மணியைச் சொல்லாமல் பொழுது தெரிய வேண்டும். இடத்தால் வந்த பழக்கம் ஒன்று. முதல் வரியில் இருந்த ஒரு பொருள் கடைசியில் வேறு நிலையில் இருக்க வேண்டும்: மூடிய ஜன்னல் திறந்தோ, எரிந்த விளக்கு அணைந்தோ.

முதல் வரைவில் பெரும்பாலும் ஒரே குறை இருக்கும்: முதல் ஐந்து வரி இடம், பிறகு பாத்திரம். அந்த ஐந்து வரியைக் கத்தரித்துப் பாத்திரத்தின் செயல்களுக்கு நடுவே ஒவ்வொன்றாகச் செருகச் சொல்லுங்கள். "அறையில் ஒரு பழைய மேசை இருந்தது. அவன் வந்தான்" என்பது "மேசையின் ஆடும் காலுக்கு அடியில் மடித்த காகிதத்தைத் திரும்பச் செருகிவிட்டு உட்கார்ந்தான்" என்று ஆகும். இடமும் தெரிகிறது, அவன் அங்கே புதியவன் இல்லை என்பதும் தெரிகிறது.

எழுதத் தயங்குபவருக்கு முதல் வரியை நீங்களே கொடுங்கள். அதிகம் எழுதுபவருக்கு 100 சொல் என்று குறையுங்கள்.

படி 8: தேர்வு விடையாக எழுதுதல்

வழக்கமான விடை: "ஆசிரியர் இருண்ட வீட்டை வர்ணிப்பதன் மூலம் கதையில் சோக உணர்வை ஏற்படுத்துகிறார். இது கதாபாத்திரத்தின் மனநிலையைக் காட்டுகிறது." இதை எந்தக் கதைக்கும் ஒட்டலாம், அதனால்தான் மதிப்பெண் குறைகிறது.

படி 1-இன் அ பத்தியை வைத்து எழுதிய விடையை இதோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள்: "அவள் ஆணியைப் பிடுங்கப் போய் விட்டுவிடுகிறாள். வீட்டில் தனக்குச் சொந்தமான கடைசிப் பொருளையும் எடுத்துக்கொண்டால் அங்கே வாழ்ந்ததற்கு அடையாளம் இருக்காது என்ற தயக்கம் அந்தச் செயலில் தெரிகிறது. சொட்டும் குழாயை இறுக்குவது பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். 'எப்போதும் போல' என்ற சொற்கள் அதைச் சொல்கின்றன. ஆனாலும் இறுக்குகிறாள். காலி வீடு அவளைக் கடைசி முறையாகத் தன் பழைய வேலைகளைச் செய்ய வைக்கிறது."

இந்த விடையில் மேற்கோள், செயல், காரணம் மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. மாணவர் எழுதி முடித்ததும் தன் விடையில் ஒரு சோதனை செய்யலாம்: கதையின் பெயரை மாற்றினால் இந்தப் பத்தி வேறு கதைக்கும் பொருந்துமா? பொருந்தினால் இன்னும் ஒரு சொல்லை மூலத்திலிருந்து எடுத்து, அதன் மேல் இரண்டு வரி எழுத வேண்டும்.

மதிப்பிடுதல்

காட்சிக்கு 20 மதிப்பெண் என்றால், இடம் பாத்திரத்தின் செயலை மாற்றுவதற்கு 8, உணர்வுச் சொல் இல்லாமல் உணர்வு வருவதற்கு 6, தேர்ந்த விவரங்களுக்கு 4, மொழிப்பிழை இன்மைக்கு 2. இந்த விகிதத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வர்ணனை அழகுக்குத் தனி மதிப்பெண் வைத்தால் மறுபடியும் தென்றலும் நிலவும் வந்துவிடும்.

திருத்தும்போது விளிம்பில் "நன்று", "விரிவாக எழுது" என்று எழுதாமல் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள்: "இந்தக் குழாய் சொட்டுவது அவள் காதில் விழுகிறதா?" போல, அந்தக் காட்சிக்கு மட்டும் பொருந்தும் கேள்வி. நாற்பது தாள் என்றால் நாற்பது கேள்வி. நேரம் எடுக்கும், ஆனால் இரண்டாம் வரைவு அதிலிருந்துதான் பிறக்கிறது. அந்த வரைவுக்கு ஒரு வாரம் விட்டு நாள் கொடுங்கள். மறுநாளே கேட்டால் எழுத்துப்பிழையைத் திருத்தித் தருவார்கள். ஒரு வாரம் கழித்து எடுத்தால் காட்சியையே மாற்றி எழுதுவார்கள்.